பழைய வெள்ளை 500: ஒரு லென்ஸும் அதன் மறுவிற்பனை விலையும்

கேனன் இஎஃப் 500 எம்எம் எஃப்/4 எல் ஐஎஸ், முதல் பதிப்பு. தூரத்துப் பறவையைக் கிட்டத்தில் காட்டும் வெள்ளை நிற டெலி லென்ஸ். 1999-இல் சந்தைக்கு வந்தது. என்னிடம் இருப்பது 2003-இல் செய்தது. கொடுத்த விலை 1,85,000 ரூபாய். லென்ஸ் எப்படி என்று கேட்டால் ஒரே வரிதான்: படம் அருமை, எடை கொடுமை. மீதி எழுதப்போவதெல்லாம் அந்த 1,85,000-ஐப் பற்றி. இதன் படத்தரத்தைப் பற்றி இருபது வருடமாக எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். இன்றைக்கு இதற்கு என்ன கொடுக்கலாம், நாளைக்கு விற்றால் என்ன கிடைக்கும் என்பதைத்தான் யாரும் நேராகச் சொல்வதில்லை. விற்பவர் ஏற்றிச் சொல்வார், வாங்குபவர் இறக்கிச் சொல்வார்.

எனக்குப் பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ. சோறு போடுவது கல்யாண ஆல்பம். பறவை எடுப்பது கைக்காசைப் போட்டு. மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பதால் எங்கள் தொழிலில் அந்த மாதம் கல்லா காலி. ஆனால் அந்த நேரத்தில்தான் கூந்தன்குளத்தில் பட்டைத்தலை வாத்துகள் இறங்கியிருக்கும், மஞ்சள் மூக்கு நாரைகள் ஊருக்குள் இருக்கும் மரங்களைப் பார்த்து வைக்க ஆரம்பித்திருக்கும். ஆகவே மார்கழி எனக்கு 500 எம்எம் மாதம்.

முதலில் விலை எப்படி இங்கே வந்து நின்றது என்று பார்ப்போம். இதன் இரண்டாம் பதிப்பை கேனன் 2011 பிப்ரவரியில் அறிவித்தது. அடுத்த மாதமே ஜப்பானில் நிலநடுக்கம், உட்சுனோமியாவில் இருந்த லென்ஸ் தொழிற்சாலைக்கும் சேதம். புது லென்ஸ் கடைக்கு வர 2012 ஆகிவிட்டது. வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி இருந்தது. புதியது அந்த உயரத்தில் நின்றதால் பழையது கீழே விழவில்லை. 3,870 கிராம் 3,190 கிராமாகக் குறைந்திருந்தது, நடுக்கத்தைத் தணிக்கும் ஐஎஸ் இரண்டு ஸ்டாப்பிலிருந்து நான்கு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஷட்டர் நேரத்தில் இரண்டு மடங்கு) ஏறியிருந்தது, உண்மைதான். ஆனாலும் அந்த 680 கிராமுக்காகப் பல லட்சம் கூடுதலாகக் கொடுக்க எத்தனை பேரால் முடியும்? முடியாதவர்கள் எல்லாம் பழையதைத் தேடினார்கள். பல வருடங்கள் இந்த லென்ஸை வாங்கி, பயன்படுத்தி, ஏறக்குறைய வாங்கின விலைக்கே விற்றவர்கள் உண்டு.

விழுந்தது அப்புறம்தான். 2018-இல் கேனனும் நிக்கானும், உள்ளே மடங்கி எழும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் முழுதாக இறங்கின. பழைய லென்ஸைப் புது கேமராவில் மாட்ட கேனன் புத்திசாலித்தனமாக ஒரு அடாப்டரைக் கொடுத்தது. அடாப்டரில் லென்ஸ் கண்ணாடி எதுவும் இல்லை, வெறும் குழாயும் மின்தொடர்பும்தான். பழைய இஎஃப் லென்ஸ்கள் அதில் ஒழுங்காக வேலை செய்ததால் சரிவு மெதுவாகவே இருந்தது. பெரிய அடி கொடுத்தவை எடை குறைந்த லென்ஸ்கள். 2020-இல் மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் வரிசையில் 100-500 ஜூம் வந்தது, கிட்டத்தட்ட 1.4 கிலோ. அதே வருடம் 600, 800 எம்எம்மில் இரண்டு எஃப்/11 லென்ஸ்கள். 2023-இல் ஆர்எஃப் 200-800, இரண்டு கிலோ சொச்சம். வெளிச்சம் வாங்குவதில் (எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்) இவற்றில் எதுவும் எஃப்/4-இன் பக்கத்தில் வராது. ஆனால் பறவை பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தொட்டவர்கள். அவர்கள் முதுகைக் கேட்டுத்தான் லென்ஸ் வாங்குகிறார்கள்.

என்னுடையதை நாகர்கோவிலில் ஒருவரிடம் வாங்கினேன். பத்திரிகைக்குப் படம் எடுத்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் இரண்டே கால் லட்சத்தில் ஆரம்பித்தார். நேரில் போனதும் டீ வரவழைத்துவிட்டு, "தம்பி, எத்தனையோ மேட்ச் எடுத்த லென்ஸ் இது. ராசியான லென்ஸ்" என்றார்.

"ராசிக்கு பில் இருக்கா அண்ணாச்சி?" என்றேன்.

சிரித்துவிட்டார். பில் இல்லை. பெட்டி இருந்தது. கேனன் இந்த லென்ஸோடு கொடுக்கும் சாவி போட்ட ட்ரங்க் பெட்டி, சாவியோடு. அது முக்கியம், பின்னால் சொல்கிறேன்.

லென்ஸின் பின்புறத்தில், கேமராவில் மாட்டும் மவுன்ட் வளையத்தில் சின்னதாக ஒரு குறியீடு இருக்கும். முதல் எழுத்து யூ என்றால் உட்சுனோமியா. இரண்டாவது எழுத்து ஆண்டு: ஓ 2000, பி 2001, க்யூ 2002, ஆர் 2003, இப்படியே போகும். அடுத்த இரண்டு எண்கள் மாதம். அண்ணாச்சி "2008 மாடல்" என்றார். நான் ஆர் எழுத்தைக் காட்டினேன். ஐந்து வருடம் என்பது பேரத்தில் பதினைந்தாயிரம் ரூபாய்.

அப்புறம் டார்ச். பழைய டெலி லென்ஸ் வாங்கப் போகிறவர் பணத்தை மறந்தாலும் டார்ச்சை மறக்கக் கூடாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் ஈரக் காற்றில் பீரோவுக்குள் பூட்டி வைத்த லென்ஸில் பூஞ்சை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பக்கத்திலிருந்து ஒளியைச் சாய்த்து அடித்து மறுபக்கத்திலிருந்து பார்த்தால், தூசி புள்ளி புள்ளியாகத் தெரியும், பூஞ்சை நூல் நூலாகக் கிளை பிரிந்து தெரியும். தூசிக்காக விலையைக் குறைக்கச் சொல்வது அநியாயம். இவ்வளவு பெரிய லென்ஸில் இருபது வருடத்துத் தூசி இருக்கத்தான் செய்யும், படத்தில் அது விழாது. நூல் தெரிந்தால் பேச்சே வேண்டாம். துடைத்தால் போய்விடும் என்பார்கள். கண்ணாடியின் பூச்சை அது ஏற்கெனவே தின்றிருந்தால் துடைத்தாலும் தடம் நிற்கும். பிரிக்கத் தெரிந்த ஆளும் எளிதில் கிடைக்க மாட்டார். நல்லவேளை, அண்ணாச்சி ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றி மாற்றி வைத்திருந்தார்.

அடுத்தது யாரும் செய்யாத ஒரு சோதனை. எல்லோரும் லென்ஸை மாட்டி, எஃப்/4-இல் நாலு படம் எடுத்துப் பார்த்து, "ஷார்ப்பா இருக்கு" என்று காசை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். எஃப்/4 இதன் முழுத் திறப்பு. அதில் படம் எடுக்கும்போது ஒளி போகும் துளையைச் சுருக்க உள்ளே இருக்கும் அப்பெர்ச்சர் இதழ்கள் அசையவே வேண்டியதில்லை. அந்தப் பகுதியோ அதற்குப் போகும் மெல்லிய ஃப்ளெக்ஸ் கேபிளோ போயிருந்தால் எஃப்/4-இல் தெரியாது. எஃப்/8-இல் வைத்து அழுத்தினால்தான் எர்ர் 01 என்று கேமரா சொல்லும். ஆகவே எஃப்/8, எஃப்/11, எஃப்/16, மூன்றிலும் படபடவென்று ஒரு வரிசை எடுங்கள். ஃபோகஸைக் கிட்டத்திலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு பக்கமும் ஓட்டி மோட்டார் சத்தத்தைக் கேளுங்கள். ஐஎஸ் போட்டால் லேசாக ஒரு ஙொய் சத்தம் வரும், அது சாதாரணம். பின்பக்கத்தில் 52 எம்எம் ஃபில்டர் போடும் சின்ன இழுப்பறை இருக்கிறதா, அதற்குள் கண்ணாடி இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடியும் லென்ஸின் கணக்கில் சேர்த்தி. மவுன்ட்டைச் சுற்றியுள்ள திருகுகளின் தலை வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் யாரோ திறந்து பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வெள்ளைப் பெயின்ட் உரிந்திருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ஆனால் விலையில் இருபதாயிரம் வரை ஆட்டிவைக்கும். வாங்கும்போது எனக்கு அது பிடித்த குறை.

இனி விலையின் மையத்துக்கு வருவோம். இந்த லென்ஸ் கடையை விட்டுப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. உதிரிப்பாகம் அருகிவிட்டது. ஃபோகஸ் மோட்டாரோ ஐஎஸ் பகுதியோ போனால், இன்னொரு செத்த லென்ஸிலிருந்து எடுத்துப் போட வேண்டிய நிலைமை. இன்றைய விலை என்பது இந்த அபாயத்தின் விலை. கண்ணாடி 2003-இல் எப்படி இருந்ததோ இப்போதும் அப்படியே இருக்கிறது; அதில் உள்ள ஃப்ளூரைட் படிகத்துக்கும் வயதாவதில்லை. வயதாவது மின்சாரப் பகுதிகளுக்கு. இரண்டாம் பதிப்பு இன்னும் இதைவிட இரண்டு மடங்கு விலையில் நிற்கிறது என்றால், எடையும் ஐஎஸ்ஸும் பாதிக் காரணம், பழுது பார்க்க முடியும் என்ற நம்பிக்கை மீதிப் பாதி.

இதைப் புரிந்துகொண்டால் இன்னொரு பொறியிலிருந்து தப்பலாம். இதற்கும் முந்தைய 500 எஃப்/4.5 எல் ஒன்று உண்டு, 1992-இல் வந்தது, ஐஎஸ் கிடையாது. அது சில சமயம் ஆசைகாட்டும் விலைக்கு வரும். அதிலே கையால் ஃபோகஸ் செய்யும் வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்யும். மோட்டார் செத்தால் தானியங்கி ஃபோகஸும் இல்லை, கையால் திருப்பவும் முடியாது. கேனனின் முதல் யுஎஸ்எம் (அல்ட்ராசோனிக் மோட்டார்) லென்ஸான 1987-ஆம் வருடத்து 300 எஃப்/2.8-க்கும், ஐஎஸ்ஸுக்கு முந்தைய 600 எஃப்/4-க்கும் இதே கதை. 1999-இன் ஐஎஸ் வரிசையில் வளையம் நேரடியாகப் பல்சக்கரத்தைத் திருப்புகிறது. மோட்டார் போனாலும் லென்ஸ் பாதி உயிரோடு இருக்கும். அந்தப் பாதி உயிருக்கு நான் ஐம்பதாயிரம் கூடக் கொடுப்பேன்.

நிக்கான் நண்பர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே லென்ஸுக்குள்ளேயே மோட்டார் வைத்த பழைய ஏஎஃப்-எஸ் டெலி லென்ஸ்களில் ஃபோகஸ் மோட்டார் கீச்சிடும். கீச்சிட ஆரம்பித்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஓடாது, அதைச் சோதிக்க அமைதியான அறை போதும். இன்னும் பழைய ஏஎஃப்-டி வகையில் லென்ஸுக்குள் மோட்டாரே கிடையாது, கேமரா பாடியிலிருந்து ஒரு திருகு சுற்ற வேண்டும். பழைய லென்ஸை மிரர்லெஸ் இசட் பாடியில் மாட்டும் நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்தத் திருகு இல்லை. இசட் பாடியில் மாட்டினால் கையால்தான் ஃபோகஸ். நல்ல கண்ணாடி வைத்திருந்த எத்தனையோ லென்ஸ்களை அந்த ஒரு விடுபட்ட திருகு பாதி விலைக்குத் தள்ளிவிட்டது. 2018-இல் வந்த 500 எம்எம் எஃப்/5.6 பிஎஃப் (எடையைக் குறைக்கும் ஃபேஸ் ஃப்ரெனல் கண்ணாடி வைத்தது) இதற்கு நேரெதிர். ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. கேட்டவர்களுக்குக் கொடுக்க முடியாமல் நிக்கான் மன்னிப்பே கேட்டது. அந்த நாளில் பழைய பிரதியைப் புதிய விலைக்கு விற்றவர்கள் உண்டு. 2023-இல் இசட் 180-600-உம் 600 பிஎஃப்-உம் வந்ததும் அந்த மவுசு இறங்கியது. இப்போது வாங்குபவருக்கு அந்த 500 பிஎஃப் நல்ல லென்ஸ், நல்ல விலை. நான் நிக்கான் ஆளாக இருந்தால் வேறெதையும் பார்க்க மாட்டேன்.

சரி, என் லென்ஸ் களத்தில் எப்படி? 387 மில்லிமீட்டர் நீளம், 3,870 கிராம். சென்டிமீட்டருக்கு நூறு கிராம், கணக்கு வைக்க வசதி. ட்ரைபாடில் கனமான லென்ஸைத் தாங்கி எளிதாகத் திருப்ப உதவும் கிம்பல் ஹெட் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். நல்ல கிம்பலும் உறுதியான ட்ரைபாடும் சேர்ந்து இன்னொரு முப்பதாயிரம். விளம்பரத்தில் லென்ஸ் விலையைப் பார்த்து மகிழ்பவர்கள் இதைக் கூட்டிக்கொள்வதில்லை. சின்ன சென்சார் உள்ள கேனன் ஆர்7 பாடியில் மாட்டினால் 800 எம்எம் அளவுக்குப் பறவை நெருங்கி வரும், எஃப்/4 அப்படியே இருக்கும். சூரியன் வருவதற்கு முன்னால், குளத்தின் மேல் சாம்பல் வெளிச்சம் மட்டும் இருக்கும்போது, பக்கத்தில் நிற்பவர் தன் ஜூமுக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளியுணர்வை, 6400-க்கு ஏற்ற வேண்டும். எனக்கு 2500 போதும். கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையின் ரத்தக்குழாய்கள்வரை பிரிந்து தெரியும். கண்ணைக் கண்டுபிடித்துப் பிடிக்கும் ஃபோகஸ் வசதியும் இந்தப் பழைய லென்ஸில் வேலை செய்கிறது. 1999-இல் இதை வடிவமைத்தவர்கள் அப்படி ஒன்றைக் கனவுகூடக் கண்டிருக்க மாட்டார்கள்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே 1.4 மடங்கு எக்ஸ்டெண்டர் போட்டால் 700 எம்எம் எஃப்/5.6. கூர்மை கொஞ்சம் இறங்கும், எஃப்/8-இல் மீண்டு வரும். இரண்டு மடங்கு எக்ஸ்டெண்டர் வேண்டாம். கிட்ட ஃபோகஸ் 4.5 மீட்டர், ஆகவே தட்டான், வண்ணத்துப்பூச்சி பக்கம் போக முடியாது. காலை ஒன்பதுக்கு மேல் குளக்கரையில் கானல் எழும்பிவிடும். அதற்குப் பிறகு எடுத்த படம் சொதப்பலாக இருந்தால் லென்ஸைக் குறை சொல்லக் கூடாது. "லென்ஸ் சாஃப்ட்" என்று நல்ல 500-ஐ மலிவாகத் தள்ளிவிட்டவர்கள் சிலர் மதியக் காற்றை வைத்து லென்ஸைத் தீர்ப்பிட்டவர்கள். அப்படி ஒருவர் கண்ணில் பட்டால் உடனே கிளம்பிப் போங்கள்.

இப்போது விற்பனைப் பக்கம். விலையைத் தெரிந்துகொள்வதற்காகச் சென்னையில் ஒரு பழைய கேமராக் கடையில் கேட்டுப் பார்த்தேன். 1,05,000 என்றார்கள். அதே கண்ணாடி அலமாரியில் இதே லென்ஸ் 1,65,000 என்ற சீட்டோடு நின்றுகொண்டிருந்தது. கோபம் வந்தது, ஆனால் கணக்கு போட்டால் கடைக்காரர் பக்கத்திலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பழைய பொருளில் அவர் லாபத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி கட்டுகிறார், வாங்குபவருக்கு ஏதோ ஒரு கால அளவுக்கு உத்தரவாதம் தருகிறார், முக்கியமாக, இந்த லென்ஸ் அவர் அலமாரியில் எத்தனை மாதம் தூங்கும் என்று அவருக்கே தெரியாது. 70-200 எஃப்/2.8 கொண்டுபோயிருந்தால் இவ்வளவு கழிக்க மாட்டார். அதைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு கல்யாண ஸ்டூடியோவும் வாங்கும். 100-400 இரண்டாம் பதிப்பை விளம்பரம் போட்ட அன்றே "ஃபைனல் எவ்வளவு ப்ரோ" என்று கேட்டு ஆள் வந்துவிடும். 500 எஃப்/4-க்கு வாங்குபவர் இந்த மாநிலத்தில் ஒரு நேரத்தில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். அதில் எட்டுப் பேர் சும்மா விசாரிப்பவர்கள்.

விசாரிப்பவர்களில் ஒரு வகை எம்பிபி என்ற வெளிநாட்டுப் பழைய கேமரா விற்பனைத் தளத்து விலையை டாலரிலிருந்து மாற்றிக் காட்டி, "அங்கே இவ்வளவுதான், நீங்க ஏன் கூட சொல்றீங்க" என்பார்கள். அங்கே உத்தரவாதம் சேர்த்து விற்கிறார்கள், இங்கே அனுப்பினால் சுங்கமும் வரியும் உண்டு, பொருள் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவது தனிக் கூத்து. ஜப்பானிலிருந்து வரும் விளம்பரங்களில் ‘எக்ஸலென்ட்’ என்ற வார்த்தைக்குப் பின்னால் ஐந்து கூட்டல் குறி போட்டிருப்பார்கள். கீழே சின்ன எழுத்தில் ‘லேசான பூஞ்சை’ என்று இருக்கும். இந்த விலைகளை எல்லையாக வைத்துக்கொள்ளலாம், ஊர் விலையாக வைத்துக்கொள்ளக் கூடாது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். இந்த லென்ஸின் முன்மூடி, முன்னால் மாட்டும் வெயில் மறைப்பான ஹூட், ட்ரங்க் பெட்டி, ஃபில்டர் இழுப்பறை இவற்றில் ஒன்று தொலைந்தாலும் தனியாகக் கிடைப்பது கஷ்டம். கிடைத்தால் தங்க விலை. ஹூட் இல்லாமல் ஒரு பிரதி வந்தால் நான் பத்தாயிரம் குறைத்துக் கேட்பேன். பெட்டி இல்லையென்றால் எட்டு. பெட்டி இருந்தால் கூரியரில் அனுப்பி விற்க முடியும், கோயம்புத்தூர், பெங்களூர் ஆட்களும் வாங்குபவர் கணக்கில் வந்துவிடுவார்கள். பெட்டி இல்லாத லென்ஸ் பஸ் போகும் தூரத்துக்குள்தான் விலைபோகும்.

காலமும் உண்டு. ஆடியில் முகூர்த்தம் இல்லாமல் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கையைக் கடிக்கும்போது உபகரணங்கள் வெளியே வரும், விலை இளகும். ஐப்பசி, கார்த்திகையில் வலசைப் பறவைச் செய்தி வர ஆரம்பித்ததும் நீண்ட லென்ஸின் விலை இறுகும். நான் அண்ணாச்சியிடம் போனது ஆடியில். இரண்டே காலிலிருந்து ஆர் எழுத்துக்குப் பதினைந்து, பெயின்ட்டுக்குப் பதினைந்து, பில் இல்லாததற்குப் பத்து என்று கழித்துக் கழித்து 1,85,000-க்கு வந்து நின்றோம். ஆடி என்பது இரண்டு பேருக்கும் தெரியும், இரண்டு பேரும் சொல்லவில்லை.

இன்றைக்கு இந்த முதல் பதிப்புக்கு, பூஞ்சை இல்லாமல், ஹூடும் பெட்டியும் இருந்தால் ஒன்றரை லட்சம் சரியான விலை. 1,70,000-க்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் கையில் பணம் இருந்தால் இன்னும் சேர்த்து இரண்டாம் பதிப்புக்குப் போவது மேல். வருடத்துக்கு ஓரிரண்டு முறைதான் பறவை பார்க்கப் போவீர்கள் என்றால் 100-400 வாங்குங்கள், விற்கும்போது என்னை வாழ்த்துவீர்கள். நடந்து போய் எடுக்கும் ஆள் என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள். மாஞ்சோலை மலைப் பக்கம் ஏறி இறங்க இது லென்ஸ் அல்ல. குளக்கரையில் ஓரிடத்தில் உட்கார்ந்து விடியலில் எடுப்பவருக்கு, மோட்டார் நாளை நின்றாலும் பணம் போனது என்று தலையில் கை வைக்காதவருக்கு, இந்த விலையில் இதற்கு ஈடு எனக்குத் தெரிந்து கிடையாது.

என்னுடையது விற்பனைக்கு இல்லை. எப்படியும் யாராவது கேட்பீர்கள் என்பதால் விலையையும் சொல்லிவிடுகிறேன்: கார்த்திகையில் கேட்டால் 1,70,000. ஆடியில் கேட்காதீர்கள்.